மூன்று விநாடிக் கூத்து

திருவனந்தபுரத்தில் எதைப் புதிதாகத் தொடங்கினாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்குவது வழக்கம். கிழக்கேகோட்டைப் பேருந்து இரைச்சலுக்கு நடுவே, இராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் அந்தக் கோயிலில் விடிந்தது முதல் தேங்காய் சிதறிக்கொண்டே இருக்கும். கடை திறப்பவர், வண்டி வாங்கியவர், பரீட்சைக்குப் போகிறவர், படப் பூஜை போடும் சினிமாக்காரர் என்று எல்லாரும் வருவார்கள். ஜிஃப் செய்கிறவருக்கு மட்டும் அந்தச் செலவு இல்லை. முதலீடு கிடையாது, திறப்பு விழா கிடையாது. சாலைக் கடைத்தெரு முனையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பழைய படக் காட்சி ஒன்றைக் கைப்பேசித் திரையிலேயே பதிவு செய்து, அதில் மூன்று விநாடியை மட்டும் வெட்டி, நடிகரின் தலைக்குப் பதில் அமைச்சரின் தலையை ஒட்டி, அடியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார். பேருந்து வருவதற்குள் அது அவருக்கே வேறு மூன்று குழுக்களிலிருந்து திரும்பி வந்திருக்கும்.

பழவங்காடியிலிருந்து வடக்கே நடந்தால் ஓவர்பிரிட்ஜ், தம்பானூர். அங்கே ஏரீஸ் பிளெக்ஸ் திரையரங்கு. இன்னும் போனால் வழுதக்காடு, வெள்ளயம்பலம் பக்கம் கேரள காவல்துறைத் தலைமையகம். சற்றுத் தள்ளி மியூசியம் வளாகத்தில் ரவி வர்மாவின் ஓவியங்கள் தொங்கும் கலைக்கூடம். அசையும் பகடிப் படங்களைப் பற்றிய பதிப்புரிமைச் சிக்கல் ஏறக்குறைய முழுவதையும் இந்தச் சில கிலோமீட்டருக்குள் பார்த்துவிடலாம். பிறர் படத்தை எடுப்பதற்கு ஓரிடத்தில் கைது, ஓரிடத்தில் கைதட்டல், இன்னோரிடத்தில் கேட்க ஆளே இல்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன் எந்த மூலையிலும் பகடி என்ற பேச்சே இல்லை. உள்ளதெல்லாம் 52-ஆம் பிரிவு. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காகப் பிறர் படைப்பை நியாயமாகக் கையாளலாம் என்கிறது அது. பகடிக்காரர் இதில் ‘விமர்சனம்’ என்ற கிளையைப் பிடித்துக்கொண்டுதான் தொங்க வேண்டும். எதிர்த்தரப்பிலோ 14-ஆம் பிரிவு உறுதியாக நிற்கிறது: திரைப்படத்தின் உரிமை என்பது முழுப் படத்தை நகலெடுக்கும் உரிமை மட்டுமல்ல, படத்தின் ஏதேனும் ஒரு காட்சியைப் புகைப்படமாக எடுப்பதும் அதற்குள் அடங்கும். அதாவது, ஒரு ஸ்கிரீன்ஷாட்கூடத் தயாரிப்பாளருக்குச் சொந்தமான செயல்தான்.

ஜிஃப் என்ற வடிவமே உரிமைச் சண்டைக்குள் வளர்ந்தது. 1987-இல் கம்ப்யூசெர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழு உருவாக்கியபோது, மெதுவான தொலைபேசிக் கம்பியில் 256 நிறங்களுக்குள் ஒரு படத்தை அனுப்புவதே நோக்கம். அந்தப் படம் முடிவில்லாமல் ஆடத் தொடங்கியது நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்புக்குப் பிறகு. இதற்கிடையில் 1994 இறுதியில், ஜிஃப்புக்குள் இருந்த சுருக்கும் முறை தன் காப்புரிமை என்று யூனிசிஸ் நிறுவனம் கட்டணம் கேட்டது. கோபம் கொண்ட நிரலாளர்கள் பிஎன்ஜி என்ற மாற்று வடிவத்தையே உருவாக்கினார்கள். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003-இல் காலாவதியானது. இன்று வாட்ஸ்அப்பில் ‘ஜிஃப்’ என்று ஓடுவது உள்ளுக்குள் ஒலியில்லாத சின்ன வீடியோ.

அந்த ஊமைத்தனம் பெரிய பாதுகாப்பு. 2007-இல் யூடியூப் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி போன்ற இயந்திரங்கள் பின்னணியில் பாட்டு ஒலித்தால் உடனே மோப்பம் பிடித்துவிடும். பாட்டின் உரிமையாளர்கள் சினிமாத் தயாரிப்பாளர்களைவிட விழிப்பானவர்கள். ‘குணா’ படப் பாடலைப் பயன்படுத்தியதற்காக 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது தமிழ், மலையாளம் இரண்டு பக்கமும் நினைவிருக்கும். வாய் மட்டும் அசையும் ஜிஃப் இந்தக் கண்காணிப்பில் பெரும்பாலும் சிக்குவதில்லை.

இனி, கேரளம் இந்தக் கேள்விக்குத் தந்த பதில். இந்தியாவில் பகடியும் பதிப்புரிமையும் மோதிய வழக்குகளில் முதலில் நினைக்கப்படுவது ஒரு மலையாள நாடகத்தைப் பற்றியது. தோப்பில் பாசி எழுதி, கே.பி.ஏ.சி. குழு 1952-இல் மேடையேற்றிய ‘நிங்ஙளென்னெக் கம்யூனிஸ்டாக்கி’ கேரள அரசியலையே அசைத்த நாடகம். ஐந்து ஆண்டு கழித்து அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அரசுக்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சிவிக் சந்திரன் ஓர் எதிர்நாடகம் எழுதினார். தலைப்பிலேயே குத்தல்: ‘நிங்ஙள் ஆரெக் கம்யூனிஸ்டாக்கி’. என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள் என்று பழையது சொல்ல, யாரை ஆக்கினீர்கள் என்று புதியது கேட்டது. மூல நாடகத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் உரையாடல்களையும் தாராளமாக எடுத்துப் போட்டு, போராட்டத்துக்கு உயிரைக் கொடுத்த தலித்துகளுக்கு என்ன கிடைத்தது என்று விசாரித்தது.

தோப்பில் பாசி 1992-இல் காலமாகியிருந்தார். அவருடைய குடும்பத்தினர் நீதிமன்றம் போனார்கள். கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ‘சிவிக் சந்திரன் எதிர் அம்மிணி அம்மா’ என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக ஓடும் அந்தத் தீர்ப்பு மூன்றைப் பார்க்கச் சொன்னது: எடுத்ததன் அளவும் மதிப்பும் என்ன, எதற்காக எடுத்தார், மூலத்துக்குப் போட்டியாக இது சந்தையில் நிற்குமா. எதிர்நாடகம் நிறையவே எடுத்திருந்தது. ஆனால், எடுக்காமல் அந்த நாடகத்தை விமர்சிக்க முடியாது. பழைய நாடகத்துக்குப் போகிறவர் இதைப் பார்த்துவிட்டு அதற்குப் பதில் இது போதும் என்று வீட்டுக்குப் போகமாட்டார். நீதிமன்றம் ஏற்றது இந்த நியாயத்தைத்தான்.

ஒரு சங்கதி மட்டும் பலர் கண்ணில் படுவதில்லை. அந்த நாளில் 52-ஆம் பிரிவின் ‘நியாயமான கையாளுகை’ இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. திரைப்படத்துக்கு இல்லை. சிவிக் சந்திரன் எடுத்தது நாடகம், அதனால் தப்பித்தார். அதே பாத்திரங்களைச் சினிமாவிலிருந்து வெட்டியிருந்தால் அந்தப் பிரிவு அவருக்கு உதவியிருக்காது. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், கணினி நிரலைத் தவிர ‘எந்தப் படைப்பும்’ என்று கதவை அகலமாகத் திறந்தது. நம் மீம்களின் கச்சாப்பொருள் முழுக்கச் சினிமா. மலையாளத்தில் ‘பஞ்சாபி ஹவுஸ்’ ரமணன், ‘புலிவால் கல்யாணம்’ மணவாளன், ‘சட்டம்பிநாடு’ தசமூலம் தாமு. தமிழில் கவுண்டமணியும் வடிவேலுவும். 2012-க்கு முன் இவர்களை வைத்துச் செய்த அசைபடங்கள் அத்தனையும் இந்தச் சட்டக் கூரைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தவை.

கதவு திறந்தபின்னும் உள்ளே இடம் குறுகல்தான். சிவிக் சந்திரன் அந்த நாடகத்தை எடுத்து அந்த நாடகத்தையே அடித்தார். மீம் போடுகிறவர் அப்படிச் செய்வது அபூர்வம். 2019 மே மாதம் உலகம் முழுக்க ஓடிய, வடிவேலு நடித்த பாத்திரமான நேசமணியை எடுத்துக்கொள்ளலாம். கட்டுமானத் துறை பற்றிய பாகிஸ்தான் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர், இதுதான் ஒப்பந்ததாரர் நேசமணியின் தலையில் விழுந்தது என்று பதில் போட, அடுத்த இரண்டு நாளில் நேசமணியின் உடல்நலத்துக்காக உலகமே வேண்டிக்கொண்டது. நரேந்திர மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே வாரம் அது. அந்த ஆயிரக்கணக்கான படங்களில் எதுவும் 2001-இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தை விமர்சிக்கவில்லை. எல்லாரும் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். கிண்டல் வேறு யாரையோ.

பகடி வழக்குகளின் மையமே இந்த வேறுபாடு. எடுத்த படைப்பையே குறிவைத்தால் அது விமர்சனம். எடுத்த படைப்பைக் கையில் தடியாக வைத்துக்கொண்டு வேறொருவரை அடித்தால் அது வெறும் நையாண்டி. ‘ஓ, ப்ரிட்டி வுமன்’ பாட்டை டூ லைவ் க்ரூ என்ற ராப் குழு கிண்டலாக மாற்றிய வழக்கில், 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையை வெளிப்படையாகவே செய்தது: பகடிக்கு மூலத்தைத் தொடாமல் வழியில்லை, நையாண்டிக்காரரோ அடுத்தவர் பொருளை ஏன் எடுத்தார் என்று விளக்கம் சொல்ல வேண்டும். நம் சட்டம் ‘அந்தப் படைப்பையோ வேறு எந்தப் படைப்பையோ’ விமர்சிக்கலாம் என்று கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறது. ஆனால் பெட்ரோல் விலை ஒரு படைப்பு அல்ல. அமைச்சரும் படைப்பு அல்ல. நடப்புச் செய்தி என்ற இன்னொரு கிளையைப் பிடித்துச் சில மீம்கள் தப்பிக்கலாம். திங்கட்கிழமைச் சோம்பலையும் மாமியார் வீட்டு விருந்தையும் பற்றிய மீம்கள் எந்தக் கிளையைப் பிடிக்கும்?

ஆக, தமிழிலும் மலையாளத்திலும் ஓடும் அசைபடங்களில் பெரும்பங்கு சட்டத்தின் மேல் நிற்கவில்லை. உரிமையாளர்களின் பொறுமையின் மேல் நிற்கின்றன. பொறுமைக்கு நல்ல காரணமும் இருக்கிறது. ‘ஃப்ரண்ட்ஸ்’ முதலில் 1999-இல் மலையாளத்தில் வந்தது. அதில் ஜகதி ஸ்ரீகுமார் செய்த லாசர் எளையப்பன்தான் தமிழில் நேசமணி ஆனார். இரண்டையும் இயக்கிய சித்திக் தொழில் பழகிய இடம் கொச்சி கலாபவன். 1981-இல் அங்கே தொடங்கிய மிமிக்ஸ் பரேட் குழுவில் அவரும் நண்பர் லாலும் இருந்தார்கள். பிறர் குரலையும் நடையையும் மேடையில் பிரதியெடுத்துக் கைதட்டல் வாங்கியவர்கள் எடுத்த சினிமாவை, அடுத்த தலைமுறை கைப்பேசியில் பிரதியெடுக்கிறது. இந்தத் தொழிலில் யாரும் யாரையும் எளிதில் திருடன் என்று சொல்லிவிட முடியாது. தமிழில் லொள்ளு சபாவும் 2010-இல் வந்த ‘தமிழ்ப் படம்’ என்ற முழுநீளப் பகடியும் ஓடியதற்கும் இந்தச் சகிப்புதான் நிலம்.

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வழுதக்காட்டுப் பக்கம் ஓர் அத்தாட்சி இருக்கிறது. கேரள காவல்துறையின் முகநூல் பக்கம் 2018 வாக்கில் ட்ரோல் மொழிக்கு மாறியது. தலைக்கவசம் போடாதவனுக்கும் ஓடிபி-யைத் தூக்கிக் கொடுப்பவனுக்கும் சினிமாக் காட்சிகளை வைத்து நக்கலாகப் பாடம் எடுத்தது. பத்து இலட்சம் விருப்பங்களைத் தாண்டி நியூயார்க் காவல்துறையின் பக்கத்தையே முந்தியது. அதை நடத்துகிறவர்கள் சமூக ஊடகப் பிரிவுக் காவலர்கள். நல்ல வேலைதான், சிரிப்பும் வருகிறது. ஆனால் 52-ஆம் பிரிவை மேலிருந்து கீழ்வரை படித்தாலும், விழிப்புணர்வுக்காகக் காவல்துறை சினிமாக் காட்சியை எடுத்து ஆடவிடலாம் என்று ஒரு வரியும் தென்படாது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கு 63-ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வியாபார இலாபம் இல்லாவிட்டால் தண்டனையைக் குறைக்கலாம். அந்தக் குற்றம் பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்கது, ஜாமீனில் விடத்தகாதது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் நிட் ப்ரோ வழக்கில் தீர்த்துச் சொன்னது. ட்ரோல் போடும் காவலரும் அதே செயலுக்காகக் கைது செய்யும் அதிகாரம் படைத்த காவலரும் ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்.

அதிகாரம் கோபப்படும்போதுகூடப் பதிப்புரிமையை நினைப்பதில்லை என்பதற்கு வங்காளத்தில் வேடிக்கையான சான்று உண்டு. 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானது சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ பட வசனத்தைத் தழுவி மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்த ஒரு படத்தொகுப்பைப் பகிர்ந்ததற்காக. 1974-இல் அந்தப் படத்தைத் தயாரித்தது மேற்கு வங்க அரசு! பதிப்புரிமை மீறல் என்று அரசே வழக்குப் போட்டிருக்கலாம். அந்தப் பக்கமே யாரும் போகவில்லை. அவதூறு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று போனார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் 66ஏ-யைச் செல்லாது என்று அறிவித்தபோது, கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் கூடவே விழுந்தது. 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்பு தாங்காமல் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. பேச்சை அடக்கும் கருவிகள் இப்படி ஒவ்வொன்றாக உதிர்ந்தபின் கையில் மிஞ்சுவது பதிப்புரிமை. அதற்கு நீதிமன்றப் படி ஏறவும் வேண்டாம். புகார் எழுதிக் கொடுத்தால் முப்பத்தாறு மணி நேரத்துக்குள் இணையத்தளம் அதை நீக்க வேண்டும். இருபத்தொரு நாளுக்குள் புகார் செய்தவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்ப வைக்கலாம். அரசியல் கிண்டலுக்கு இருபத்தொரு நாள் என்பது மரணம். அதற்குள் ஊர் வேறு பேச்சுக்குப் போய்விடும். நடைமுறையில் பெரிய தளங்கள் அமெரிக்கச் சட்டப்படி தாங்களே வகுத்த விதிகளைத்தான் பின்பற்றுகின்றன. மூன்று ‘ஸ்ட்ரைக்’ விழுந்தால் பல ஆண்டு உழைத்து வளர்த்த சேனலே போகலாம். தான் செய்தது நியாயமான கையாளுகை என்று வாதாடத் துணியும் மீம்காரர்கள் மிகக் குறைவு.

பொறுமை உடையும் இடங்கள் இரண்டு: பணம், பகை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று விநாடியில் ஒரு கதை. திருவல்லாக்காரரான நயன்தாராவைப் பற்றிய ஆவணப்படத்தை 2024 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்டது. ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்பில் எடுத்த சுமார் மூன்று விநாடிக் காட்சி அதன் முன்னோட்டத்தில் இருந்ததற்காக, படத்தைத் தயாரித்த தனுஷ் தரப்பு பத்துக் கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நயன்தாரா பகிரங்கக் கடிதம் எழுதினார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ள வேண்டும் என்ற நெட்ஃப்ளிக்ஸின் கோரிக்கையை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆவணப்படம் பகடியல்ல, சரி. ஆனால் மூன்று விநாடி என்பது ஒரு ஜிஃப்பின் நீளம். ‘அவ்வளவு சின்னதுக்கெல்லாம் யார் கேட்பார்கள்’ என்ற தைரியத்தை அந்த நோட்டீஸ் ஆட்டிவைத்தது. அற்பமான அளவைச் சட்டம் கண்டுகொள்ளாது என்ற கோட்பாட்டை இந்தியா டிவி, யஷ்ராஜ் வழக்கில் 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. இருந்தாலும், ஜிஃப்காரர் எடுக்கும் மூன்று விநாடி சும்மா எடுத்த மூன்று விநாடி அல்ல. இரண்டரை மணி நேரப் படத்தில் சுத்தியல் விழும் அந்தக் கணத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார். அளவு சிறிது என்பார் ஒருவர். உயிரையே எடுத்துவிட்டார் என்பார் மற்றவர்.

தம்பானூருக்கு வருவோம். 2024 ஜூலையில் ஏரீஸ் பிளெக்ஸில் ‘ராயன்’ ஓடிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் படத்தைப் பதிவு செய்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவரைக் கேரள போலீஸ் இருக்கையிலேயே பிடித்தது. அது திருட்டுப் பிரதித் தொழில்; பகடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் முதல் நாள் முதல் காட்சியில் நாயகன் அறிமுகத்தைப் பிடித்து, இரவுக்குள் ஜிஃப்பாக்கி ஆடவிடும் இரசிகர் கையாளும் முறை அதேதான். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் அரங்கில் பதிவு செய்வதற்குக் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று இலட்ச ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. அபராதம் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம். வேடிக்கைக்காக எடுத்தேன் என்று தப்பிக்கப் பார்க்கிறவர், பதிப்புரிமைச் சட்டத்தின் விதிவிலக்குகளில் ஏதேனும் ஒன்றுக்குள் தன்னை நுழைத்துக் காட்டியாக வேண்டும். டீசரிலிருந்து எடுப்பதும் அரங்கிலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல என்பதை இரசிகர் மன்றத்தார் யாராவது இளையவர்களுக்குச் சொன்னால் புண்ணியம்.

முகத்தின் சொந்தக்காரரும் இப்போது சண்டைக்கு வருகிறார். 2023 செப்டம்பரில் அனில் கபூர் வாங்கிய தில்லி உயர் நீதிமன்ற உத்தரவு அவருடைய பெயர், உருவம், குரல், ‘ஜக்காஸ்’ என்ற வசனம் எல்லாவற்றையும் வணிகத்துக்கு எடுப்பதைத் தடுத்தது. தடுத்தவற்றின் பட்டியலில் ஜிஃப்பும் இருந்தது. பகடிக்கும் விமர்சனத்துக்கும் இடமுண்டு என்று அதே உத்தரவு சொன்னதைப் பலர் படிக்கவில்லை. 2024 மே மாதம் ஜாக்கி ஷ்ராஃப் அதே நீதிமன்றம் போனபோது நிறம் கொஞ்சம் மாறியது. அவருடைய பேட்டிகளை ‘தக் லைஃப்’ பாணியில் வெட்டிப் போட்ட யூடியூபருக்கு எதிராக உடனடித் தடை கொடுக்க நீதிபதி சஞ்சீவ் நரூலா மறுத்தார். இப்படிப்பட்ட வெட்டுகளும் ஒரு படைப்பு வகைதான், இதைத் தடுத்தால் இளைஞர்களின் பிழைப்பும் பேச்சும் அடிபடும் என்பது அவர் பார்வை. மீம் பண்பாட்டை ஒரு நீதிமன்றம் உள்ளிருந்து புரிந்துகொண்டு பேசிய அபூர்வத் தருணம் அது. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

நிறுவனங்களைக் கிண்டல் செய்தால்? அதற்கும் தில்லியில் விடை இருக்கிறது. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று சொல்லி, கிரீன்பீஸ் அமைப்பு 2010-இல் ‘டர்ட்டில் வெர்சஸ் டாடா’ என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. பேக்மேன் பாணியில் ஆமை ஓட, டாடா சின்னம் துரத்தும். வர்த்தகச் சின்னத்தைக் கெடுக்கிறார்கள், அவதூறு செய்கிறார்கள் என்று பத்துக் கோடி கேட்டது டாடா சன்ஸ். 2011 ஜனவரியில் நீதிபதி ரவீந்திர பட் இடைக்காலத் தடை தர மறுத்தார். சின்னத்தை வைத்து அந்தச் சின்னத்துக்குரியவரையே விமர்சிப்பது பேச்சுரிமை என்று கொண்டார். பேக்மேனை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனம் இந்த வழக்கின் பக்கமே வரவில்லை. மறுபடியும் அதே சங்கதி: பகை யாருக்கோ அவரே வழக்காடுகிறார், பொருளுக்குச் சொந்தக்காரர் சும்மா இருக்கிறார்.

வரைந்த பாத்திரங்களுக்கு வந்தால் கணக்கு வேறு. டாம்ஸ் என்ற வி.டி. தாமஸ் படைத்த ‘போபனும் மோளியும்’ மலையாளிகளின் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. அவர் மலையாள மனோரமாவை விட்டு விலகித் திருவனந்தபுரத்திலிருந்து வரும் கலாகௌமுதியில் அந்தப் பிள்ளைகளை வரையப் போனபோது மனோரமா வழக்குப் போட்டது. வேலைக்குச் சேரும் முன்பே அவர் உருவாக்கிய பாத்திரங்கள், இனி வரையக்கூடாது என்று அவரைத் தடுக்க முடியாது என்றது கேரள உயர் நீதிமன்றம். டாம்ஸ் 2016-இல் மறைந்தார். படைத்தவர் காலத்துக்குப் பின் அறுபது ஆண்டு என்ற கணக்குப்படி அவருடைய ஓவியங்களின் உரிமை 2076 முடியும்வரை நீடிக்கும். போபனை ஆடவைத்து ஜிஃப் செய்கிறவர் சினிமாக்காரரிடம் எதிர்பார்க்கும் அசட்டையை ஓவியர் குடும்பத்திடம் எதிர்பார்க்கக் கூடாது. படைப்பைச் சிதைத்துப் படைத்தவரின் பெயரைக் கெடுத்தால் 57-ஆம் பிரிவின்படி தனி வழக்கும் உண்டு. நகரத்தின் டெக்னோபார்க்கில் இருக்கும் டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனை அனிமேஷன் தொடராக்கி 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓட்டியது. தெனாலிராமன் ஊர்ப் பொதுச்சொத்து. டூன்ஸ் வரைந்த தெனாலிராமன் டூன்ஸின் சொத்து. பாணிக்கு மட்டும் யாரும் பட்டா போட முடியாது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன வடிவத்துக்கே உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025 மார்ச்சில் ஊரே ஜிப்லி பாணியில் தன் முகத்தைச் செய்துகொண்டபோது, ஜப்பானிய ஓவியர்களுக்கு மனவருத்தம் இருந்திருக்கலாம். நம் சட்டத்தில் அந்த வருத்தத்துக்குப் பிரிவு இல்லை.

வெளியே இருக்கும் தமிழருக்கு நிலைமை சற்று மேல். கனடா 2012-இல் தன் சட்டத்தில் பகடி, நையாண்டி இரண்டையும் பெயர் சொல்லியே நியாயமான கையாளுகைக்குள் சேர்த்தது. அதோடு, இலாப நோக்கமில்லாமல் பிறர் படைப்பை வைத்துச் சாதாரண மக்கள் புதிதாக ஒன்று செய்து இணையத்தில் போடுவதற்குத் தனி விலக்கும் கொடுத்தது. பிரிட்டனில் 2014 அக்டோபர் முதல் பகடிக்கு விலக்கு இருக்கிறது. சிங்கப்பூரின் 2021 சட்டமும் இலங்கையின் 2003 அறிவுசார் சொத்துச் சட்டமும் அமெரிக்க முறையில் நியாயப் பயன்பாட்டை எடைபோடச் சொல்கின்றன. டொராண்டோ ஸ்கார்பரோவில் இருந்து வடிவேலுவை ஆடவைக்கும் தமிழருக்குச் சட்டம் துணை நிற்கிறது. பழவங்காடியில் இருந்து அதே வடிவேலுவை அதே வேகத்தில் ஆடவைப்பவருக்கு யாரோ ஒரு தயாரிப்பாளரின் நல்ல மனசுதான் துணை. இந்த வித்தியாசத்தை நீக்க இந்தியச் சட்டத்தில் இரண்டு சொல் சேர்த்தால் போதும். 2012-இல் அவ்வளவு பெரிய திருத்தம் நடந்தபோது அந்த இரண்டு சொல்லுக்காகக் குரல் கொடுக்கும் தரப்பு வலுவாக இல்லை. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தங்கள் பங்குக்காகப் போராடினார்கள், வென்றார்கள். மீம்காரர்களுக்குச் சங்கம் ஏது?

கேரளத்தில் அசைபடம் செய்யும் கைகளோ கூடிக்கொண்டே வருகின்றன. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் 2018 முதல் நடத்தும் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் அரசு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில் அனிமேஷன் படிக்கிறார்கள். கருவிக்குக் காசில்லை, கணினி பள்ளியிலேயே இருக்கிறது. அடுத்ததாக அவர்களுக்கு வேண்டியது, கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய படங்கள்.

அப்படிப்பட்டவை இல்லாமல் இல்லை. மியூசியம் வளாகத்துக் கலைக்கூடத்தில் ரவி வர்மாவின் ‘ஹம்ச தமயந்தி’ நிற்கிறாள். 1906-இல் மறைந்த ஓவியரின் உரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. தமயந்தியின் கண்ணை உருட்டவிட்டாலும் அன்னத்தை ஓடவிட்டாலும் கேட்க ஆளில்லை. சினிமாவிலும் ஆண்டுதோறும் கதவு திறக்கிறது. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து அறுபது ஆண்டு உரிமை. அந்தக் கணக்கில் ‘காதலிக்க நேரமில்லை’ 2024 முடிவோடு பொதுவுக்கு வந்தது. 1965-இல் வந்த ‘செம்மீன்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘திருவிளையாடல்’ ஆகியவற்றின் காலக்கெடு 2025 டிசம்பர் 31. புலம்பிக்கொண்டு கோயிலில் நடக்கும் நாகேஷின் தருமியைத் தமிழ் மீம் உலகம் எந்த அனுமதியும் கேட்காமல் இத்தனை ஆண்டு ஆட்டிவைத்தது. இனி அதை உரிமையோடே செய்யலாம், பழைய பிரதியிலிருந்து எடுக்கும்வரை. கெட்டிக்காரர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். படத்தின் உரிமை வேறு, வசனத்தின் உரிமை வேறு. திரைக்கதை வசனம் எழுதிய ஏ.பி. நாகராஜன் இறந்தது 1977-இல். தருமியின் உருவம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம்; அடியில் தருமியின் வசனத்தையே பத்தி பத்தியாகப் போடுவதானால் 2037 முடியும்வரை பொறுக்க வேண்டும், அல்லது சொந்தமாக ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும்.